ஐ-ஜே என்றொரு முகவரி

சித்தப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். சிடி4 இவ்வளவு, சிடி8 இவ்வளவு என்று, டி செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களின் இரண்டு வகைகளுக்கு இரண்டு எண்கள். அவற்றுக்குக் கீழே ‘ஹெல்பர் / சப்ரஸர் விகிதம்’ என்று மூன்றாவதாக ஓர் எண். சித்தப்பா கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்துதான் வாசிப்பார். சாயங்காலம் போன் செய்தார். “ஹெல்பர் சரி, உதவி பண்ணுது. இந்த சப்ரஸர் யாரை அமுக்குது? அது கூடினா நல்லதா, குறைஞ்சா நல்லதா?” டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். “அவரு விகிதம் நார்மல்னு சொல்லிட்டாரு. பேருக்கெல்லாம் அர்த்தம் அவரைப் போய் கேட்க முடியுமா? நீதானப்பா இதைப் படிச்சவன்?”

படித்தவன்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் விலங்கியல் முதுகலை படித்தபோது டி செல்கள் மூன்று வகை: உதவுபவை, கொல்பவை, அடக்குபவை. மூன்றாவது வகையைப் பற்றி பத்து மதிப்பெண் கேள்வி நிச்சயம் வரும் என்று சீனியர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். எங்கள் நூலகத்தில் இருந்த பாடப்புத்தகம் பழையது. அந்தச் செல்லை வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் அதற்குள் கைகழுவிவிட்டிருந்தன என்பது அந்தப் புத்தகத்துக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அக்கா மகள் இப்போது உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறாள். அவளுடைய புத்தகத்தில் டிரெக் என்று சுருக்கி அழைக்கப்படும் ஒழுங்குபடுத்தும் டி செல்லுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. அடக்கும் செல் என்ற பெயர் பின்பக்கச் சொல்லடைவில்கூட இல்லை. 2025 அக்டோபரில் அந்த டிரெக் செல்லுக்காக மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு அறிவித்தார்கள். நோய் எதிர்ப்புக்குக் கடிவாளம் போடும் செல் ஒன்று இருக்கும் என்று அதற்கு முன் யாருமே நினைத்ததில்லை என்பதுபோல் சில செய்திகள் எழுதின. அப்படியானால் நான் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதியது எந்தச் செல்லைப் பற்றி?

விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, பெயரை மாற்றிவிட்டார்கள், செல் அதேதான். இன்னொன்று, அது தப்பு, இது சரி; அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது. முதல் பதில் சொல்கிறவர்கள் பழைய கட்டுரைகளைப் படித்ததில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது பதில் எனக்கு எரிச்சலையே தருகிறது, ஏனென்றால் எது தப்பு என்று அது சொல்வதே இல்லை. இரண்டுக்கும் நடுவில், அடக்கும் செல்லின் அடையாளமாக ஒருகாலத்தில் நம்பப்பட்ட, இன்று யாரும் உச்சரிக்காத ஒரு பெயர் கிடக்கிறது: ஐ-ஜே. சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு போனவன் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

யேலில் நடந்தது

1970-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கெர்ஷனும் கசுனாரி கோண்டோவும் ஒரு சோதனை செய்தார்கள். தைமஸ் சுரப்பியிலிருந்து வரும் செல்கள், அதாவது டி செல்கள், எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் பி செல்களுக்கு உதவுகின்றன என்பது அப்போது சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெரியவந்திருந்தது. டி செல் என்றாலே உதவி என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். இவர்கள் சுண்டெலிகளின் தைமஸை எடுத்துவிட்டு, கதிர்வீச்சால் பழைய செல்களை அழித்து, எலும்பு மஜ்ஜையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். சில எலிகளுக்கு மட்டும் தைமஸ் செல்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு எல்லா எலிகளுக்கும் செம்மறியாட்டின் ரத்தச் சிவப்பணுக்களை அளவுக்கு மீறிச் செலுத்தினார்கள். இப்படி வெள்ளமாகப் பாய்ச்சினால் உடல் எதிர்ப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடும் என்பது பழைய அனுபவம். தைமஸ் செல்கள் இல்லாத எலிகளில் அந்தச் சும்மா இருத்தல் உண்டாகவில்லை என்பதுதான் புதிய செய்தி. பிற்பாடு அவற்றுக்குப் புது தைமஸ் செல்களைக் கொடுத்தபோது ஒழுங்காக எதிர்த்தன. தைமஸ் செல்களோடு வெள்ளத்தைச் சந்தித்த எலிகளோ புது உதவி வந்த பின்னும் அசையவில்லை. அப்படியானால் எதிர்க்காமல் இருப்பது வெறும் வெற்றிடம் கிடையாது, அதை நடத்திவைக்க ஒரு செல் தேவைப்படுகிறது.

அடுத்த ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அசையாத எலியின் மண்ணீரல் செல்களை எடுத்து, ஒன்றும் செய்யப்படாத சாதாரண எலிக்குள் விட்டார்கள். அந்த எலியின் எதிர்ப்பும் படுத்துவிட்டது. உதவி போதவில்லை என்பதுதான் காரணமாக இருந்தால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த எலி ஏன் முடங்க வேண்டும்? கெர்ஷனும் கோண்டோவும் இதற்குத் தொற்றும் சகிப்பு என்று பெயர் வைத்தார்கள். சகிப்பு ஓர் எலியிடமிருந்து இன்னொரு எலிக்கு நோய் மாதிரி பரவுகிறது. எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். எலி, செல், ஆட்டு ரத்தம், இவ்வளவுதான் இதில் இருக்கிறது. மரபணு இல்லை, அடையாளப் புரதம் இல்லை. எந்தச் செல் என்று காட்ட அன்று வழியே கிடையாது.

அந்த வழியைத்தான் எழுபதுகள் முழுக்கத் தேடினார்கள். ஹார்வி கேன்டரும் எட்வர்ட் பாய்ஸும் டி செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளங்களைக் கொண்டு அவற்றைக் கூறுகளாகப் பிரித்தார்கள். உதவும் செல்கள் ஒரு பக்கம், கொல்லும் செல்கள் மறுபக்கம். அடக்கும் வேலையும் கொல்லும் செல்களின் பக்கமே, அதாவது இன்று நாம் சிடி8 என்று சொல்லும் பக்கமே, விழுந்தது. மனித ரத்தத்திலும் அதே பிரிவினையை வைத்தார்கள். 1981-இல் எய்ட்ஸ் நோயின் முதல் விவரிப்புகள் வந்தபோது, ஹெல்பர் குறைந்து விகிதம் தலைகீழாகிவிட்டது என்ற செய்தி மருத்துவ உலகம் முழுக்கப் போனது. விகிதத்தோடு சேர்ந்து பெயரும் போனது. பாடப்புத்தகத்தில் ஒரு பெயரை அடித்துவிட்டு வேறு எழுதுவது சுலபம். பரிசோதனைப் படிவத்தில் ஒருமுறை ஏறிய பெயரை யார் எடுப்பார்கள்? அதற்கான அதிகாரம் உள்ளவர் யார் என்பதே தெளிவில்லை.

ஏ, பி, ஜே, இ, சி

சுண்டெலியின் 17-ஆவது குரோமோசோமில் எச்-2 என்ற பகுதி இருக்கிறது. உறுப்பு மாற்றத்தில் தன்னது எது, பிறத்தியது எது என்று தீர்மானிக்கும் மரபணுக்களும், யார் எந்தக் கிருமிக்கு நன்றாக எதிர்ப்புக் காட்டுவார்கள் என்று தீர்மானிக்கும் மரபணுக்களும் அங்கேதான் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. அதில் ஐ என்று ஒரு வட்டாரம். மரபணுவை நேராகப் படிக்க முடியாத காலம் அது. ஆகவே, குரோமோசோம் வெவ்வேறு இடத்தில் முறிந்து ஒட்டிய எலி இனங்களை வளர்த்து, எந்த இனம் எதை இழந்தது, எதைப் பெற்றது என்று ஒப்பிட்டு அந்த வட்டாரத்தை ஐ-ஏ, ஐ-இ என்பதுபோல் பெயரிட்டுத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டே போனார்கள். பி10.ஏ(3ஆர்), பி10.ஏ(5ஆர்) என்று இரண்டு எலி இனங்கள். இரண்டும் ஐ-ஏ பக்கத்தை ஒரு மூதாதையிடமிருந்தும் ஐ-இ பக்கத்தை இன்னொரு மூதாதையிடமிருந்தும் பெற்றவை. பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் 3ஆர் எலிக்குள் 5ஆர் எலியின் செல்களைச் செலுத்தினால், 3ஆர் எலியின் சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில், ஏதோ ஒன்றுக்கு எதிர்ப்புப் புரதம் உண்டானது. அந்த ஏதோ ஒன்று அடக்கும் செல்லின் மேல் இருந்தது, உதவும் செல்லின் மேல் இல்லை. இரண்டு இனங்களுக்கும் உள்ள ஒரே வித்தியாசம் குரோமோசோம் முறிந்த இடம்தான் என்றால், ஐ-ஏவுக்கும் ஐ-இவுக்கும் நடுவில் ஒரு மரபணு இருந்தாக வேண்டும். அதற்கு ஐ-ஜே என்று பெயர். 1976-இல் அமெரிக்காவில் டோனல் மர்ஃபி, லியோனோர் ஹெர்சன்பெர்க் ஆகியோரின் குழுவும் ஜப்பானில் டோமியோ டாடாவின் குழுவும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். டாடாவின் குழு ஒரு படி கூடுதலாக, அடக்கும் செல் வெளியே விடும் ஒரு கரையும் பொருளிலும் அதே ஐ-ஜே இருப்பதாகச் சொன்னது.

இது எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தச் செல் என்று காட்ட முடியாமல் தவித்தவர்களுக்கு ஒரு அடையாளம் கிடைத்துவிட்டது. அதுவும் நோய் எதிர்ப்பியலின் மிகப் பிரபலமான தெருவில், கதவு எண்ணோடு. அதன்பின் கட்டுரைகள் மளமளவென்று வந்தன. அடக்கும் செல்லில் முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை. முதலாவது இரண்டாவதைத் தூண்டும், இரண்டாவது மூன்றாவதை. அடக்குபவற்றையே அடக்கும் செல்கள் வேறு. ஒவ்வொன்றும் அனுப்பும் காரணிகள். எங்கள் பேராசிரியர் இதைக் கரும்பலகையில் வரைந்து முடிக்கும்போது அம்புக்குறிகளுக்குள் செல்கள் காணாமல் போயிருக்கும். அந்தப் படத்தை அப்படியே திருப்பி வரையத் தெரிந்தவனுக்கு மதிப்பெண். அந்த அம்புகளில் எத்தனையை யாராவது சுத்திகரித்துக் குடுவைக்குள் பிடித்துக் காட்டினார்கள் என்ற கேள்வி வகுப்பில் எழுந்ததே இல்லை. எழுந்திருந்தால் விடை: ஏறக்குறைய எதையும் இல்லை.

1982-இல் மரபணுவை நேராக எடுத்துப் படிக்கும் காலம் வந்தது. கலிஃபோர்னியாவின் கால்டெக் ஆய்வுக் கல்வி நிறுவனத்தில் லீராய் ஹுட்டின் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் ஸ்டைன்மெட்ஸும் மற்றவர்களும் அந்த ஐ வட்டாரத்தைத் துண்டுகளாக நகலெடுத்து, வரிசைப்படுத்தி, எலிகளில் குரோமோசோம் முறிந்த இடங்களை டிஎன்ஏவிலேயே குறித்தார்கள். ஐ-ஏ முடியும் இடமும் ஐ-இ தொடங்கும் இடமும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் மிஞ்சியது சில ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள், அதுவும் ஏற்கெனவே தெரிந்த ஓர் ஐ-இ மரபணுவின் உள்ளேயே. ஐ-ஜே உட்காரும் அளவுக்கு அங்கே காலி மனை கிடையாது. வாக்காளர் பட்டியலில் ஒரு வீட்டு எண் இருக்கிறது, தெருவில் போய்ப் பார்த்தால் முந்தின வீடும் அடுத்த வீடும் பொதுச்சுவர் வைத்து நிற்கின்றன, ஆனாலும் நடுவில் உள்ள அந்த எண்ணுக்குப் போட்ட கடிதங்களுக்கு ஆறு வருடமாகப் பதில் வந்துகொண்டிருக்கிறது. அப்படி ஒரு நிலைமை.

டாடா கொடுத்த செல்கள்

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் 1983. அந்தச் சில ஆயிரம் எழுத்துகளில் ஏதாவது ஒளிந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அதைத் தீர்க்க ஒரே வழி, ஐ-ஜேவைச் சுமப்பதாகச் சொல்லப்பட்ட அடக்கும் செல்களையே எடுத்து, அந்த டிஎன்ஏ பகுதியிலிருந்து ஆர்என்ஏ நகல் ஏதாவது அவற்றுக்குள் உண்டாகிறதா என்று பார்ப்பது. ஹுட்டின் ஆய்வுக்கூடத்தில் மிட்செல் குரோனென்பெர்க் அதைச் செய்தார். பார்த்தவரை அப்படி எந்த நகலும் உண்டாகவில்லை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலை வாசித்தால் நடுவே டோமியோ டாடாவின் பெயர் இருக்கிறது. அடக்கும் செல்களையும் அவற்றின் காரணிகளையும் வைத்தே பெயர் பெற்ற ஜூடித் காப், கார்ல் பியர்ஸ் ஆகியோரின் பெயர்களும் இருக்கின்றன. தங்கள் வாழ்நாள் வேலையாக வளர்த்த செல்களைக் கொடுத்து, அவற்றில் தாங்கள் சொன்னது இல்லை என்று வந்த முடிவின் கீழ் அவர்களே பெயரையும் போட்டிருக்கிறார்கள்.

அறிவியலில் நேர்மை என்றால் என்னவென்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் வென்றவர்களின் கதையைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு இந்தப் பட்டியல் போதும். டாடா அதன் பிறகும் நோய் எதிர்ப்பியலிலேயே இருந்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், ஜப்பானில் பரவலாக வாசிக்கப்பட்ட எழுத்தாளர். ஜப்பானின் மரபுக் கூத்தான ‘நோ’ நாடகத்தின் சிறு மத்தளத்தை வாசிக்கத் தெரிந்தவர். மூளைச்சாவையும் இதய மாற்று அறுவையையும் வைத்து நோ நாடகமே எழுதியிருக்கிறார். 2001-இல் பக்கவாதம் வந்து பேச்சு போனது. அதற்குப் பிறகும் எழுதினார், மறுவாழ்வு சிகிச்சைக்கு அரசு விதித்த நாள் கணக்கை எதிர்த்துப் போராடினார். 2010-இல் காலமானார். கெர்ஷனுக்கு அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. அவர் இறந்தது இதே 1983-இல்.

அதன்பின் சரிவு வேகமாக இருந்தது. 1984-இல் டி செல்லின் ஏற்பி, அதாவது அந்தச் செல் தன் இலக்கை அடையாளம் காணும் புரதம், அதற்கான மரபணுக்கள் கிடைத்தன. சுண்டெலியில் கண்டவர் மார்க் டேவிஸ், மனிதரில் டக் மாக். உடனே எல்லோரும் தங்கள் தங்கள் டி செல்களை எடுத்துப் பார்த்தார்கள். உதவும் செல்லிலும் கொல்லும் செல்லிலும் அந்த மரபணு ஒழுங்காக மறுசீரமைந்திருந்தது. அடக்கும் செல் என்று ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்பட்ட பல கலப்பினச் செல்களில் இல்லை. டி செல்லுக்கான அடிப்படை அடையாளமே இல்லாத டி செல்! 1986-இல் 3ஆர், 5ஆர் எலிகளின் முறிவு இடத்தை ஹுட்டின் குழு எழுத்து எழுத்தாகப் படித்தபோது, ஐ-ஜே பிழைக்க இருந்த கடைசி இடுக்கும் மூடிவிட்டது. 1988-இல் ஸ்வீடனின் யோரன் மொல்லர், அடக்கும் டி செல்கள் இருக்கின்றனவா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார். அந்தப் பெயரைச் சொன்னாலே மற்றவர்கள் முகம் சுளிக்கும் காலம் தொடங்கிவிட்டது.

இங்கேதான் எனக்கும் இந்தக் கதையின் வழக்கமான பதிப்புக்கும் ஒத்துப்போவதில்லை. ஐ-ஜே இல்லை என்று ஆனதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, இல்லாததை இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஐ-ஜே விழுந்தபோது அதோடு கெர்ஷனின் எலிகளையும் சேர்த்துக் குப்பையில் போட்டது ஏன்? அந்தச் சோதனை ஐ-ஜே என்ற பெயர் பிறப்பதற்கு ஆறு வருடம் முந்தியது. அதை எந்த சீரமும் தாங்கிப்பிடிக்கவில்லை. எலிக்குள் செல்லை விட்டால் எதிர்ப்பு படுக்கிறது என்பது 1971-இல் எவ்வளவு உண்மையோ 1988-இலும் அவ்வளவு உண்மை. ஆதாரமும் அடையாளமும் வேறு வேறு. ஐ-ஜே கிடைத்த கொண்டாட்டத்தில் அடையாளத்தையே ஆதாரமாக எல்லோரும் வைத்துக்கொண்டார்கள், ஆதரித்தவர்களும்தான், எதிர்த்தவர்களும்தான். அதனால் அடையாளம் கெட்டதும் கேள்வியே கெட்டுப்போனது. எலியிலிருந்து எலிக்குப் பரவும் சகிப்பை 1993-இல் கேம்பிரிட்ஜில் ஹெர்மன் வால்ட்மன் குழு, தோல் ஒட்டுச் சோதனைகளில் மறுபடி காட்டியபோது, கெர்ஷனின் அதே தொற்றும் சகிப்பு என்ற பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் எல்லாம் அடக்கும் செல் மேல்தான்.

மூன்றாம் நாள்

அந்த இருட்டுக் காலத்தில் சகாகுச்சி பிழைத்ததற்குக் காரணம், அவர் புறப்பட்ட இடம் வேறு என்பதே என்று நினைக்கிறேன். நகோயாவின் ஐச்சி புற்றுநோய் மையத்தில் நிஷிசுகாவும் சகாகுராவும் 1969-இல் ஒரு விசித்திரத்தைக் கண்டிருந்தார்கள். பிறந்த மூன்றாம் நாள் தைமஸை எடுத்துவிட்டால் பெண் சுண்டெலியின் சூலகம் சுருங்கிப்போகிறது. ஏழாம் நாள் எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. அதற்கும் இதற்கும் நான்கு நாள்தான். உடல் தன் சூலகத்தையே தாக்குகிறது, அதைத் தடுக்கும் ஏதோ ஒன்று மூன்றாம் நாளுக்குப் பிறகு தைமஸிலிருந்து வெளியே வருகிறது என்று சகாகுச்சி எடுத்துக்கொண்டார். சாதாரண எலியின் டி செல்களைக் கொடுத்தால் நோய் வருவதில்லை என்று 1982-இல் காட்டினார். பிறகு எந்த டி செல் என்று வடிகட்டிக்கொண்டே போக, 1995 ஆகிவிட்டது. சிடி4 பக்கத்துச் செல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, மேற்பரப்பில் சிடி25 என்ற புரதத்தைச் சுமக்கிறது. இந்தப் பங்கை நீக்கிவிட்டு மீதி டி செல்களை, தைமஸ் இல்லாத எலிக்குள் விட்டால் வயிறு, தைராய்டு, சூலகம் என்று பல உறுப்புகள் தாக்கப்படுகின்றன. நீக்கியதைத் திருப்பி விட்டால் தாக்குதல் இல்லை. அடையாளம் முன்பே தெரிந்த, யாரும் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிடித்துப் பார்க்கக்கூடிய புரதம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஈத்தன் ஷெவாக் இதை நம்பாதவர்களில் ஒருவர். தானே செய்துபார்த்தார், நம்பினார், பிறகு இந்தத் துறையின் முக்கியமான ஆட்களில் ஒருவராகிவிட்டார்.

மீதி நோபல் கதை பலருக்கும் தெரியும் என்பதால் ஓட்டமாகச் சொல்கிறேன். 1949-இல் டென்னசியின் ஓக் ரிட்ஜில் தானாகத் தோன்றிய, தோல் செதில்செதிலாகி ஆண் குட்டிகள் சில வாரங்களில் இறந்துபோகும் ஸ்கர்ஃபி எலிகள். எக்ஸ் குரோமோசோமில் ஏறக்குறைய 5 லட்சம் எழுத்து நீளத்தில் இருபது மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சலித்து, இருபதாவதில் பிழையைக் கண்ட பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும். 2001-இல் அதற்கு ஃபாக்ஸ்பி3 என்ற பெயர், ஆண் குழந்தைகளைத் தாக்கும் ஐபெக்ஸ் நோய்க்கும் அதே மரபணுதான் காரணம் என்ற கண்டுபிடிப்பு. 2003-இல் சகாகுச்சியின் செல்லை ஆள்வது அந்த ஃபாக்ஸ்பி3 என்ற இணைப்பு. ஓட்டத்தில் நிறுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்த வேலையைத் தொடங்கிய டார்வின் என்ற சிறு நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர் லீராய் ஹுட். பிரன்கோ நோபல் வாங்கியபோது வேலை பார்த்த சியாட்டில் ஆய்வு நிறுவனமும் ஹுட் சேர்ந்து நிறுவியதுதான். ஐ-ஜேவைத் தெருவில் தேடி இல்லை என்று சொன்ன அதே மனிதர். இதில் விதி, கர்மா என்று எதையும் நான் தேடவில்லை. மரபணுவை வேகமாகப் படிக்கும் கருவிகளை உண்டாக்கியவர் அவர். இரண்டு வேலைக்கும் தேவைப்பட்டது அந்தக் கருவிகள்தான்.

சரி, சித்தப்பாவின் கேள்வி. சகாகுச்சியின் செல் சிடி4 பக்கம் இருக்கிறது. அதாவது பரிசோதனைத் தாளில் ஹெல்பர் என்று எண்ணப்பட்ட கூட்டத்துக்குள்ளேயே அடக்கும் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. சப்ரஸர் என்று போட்ட சிடி8 கூட்டத்தில் பெரும்பாலானவை கிருமி புகுந்த செல்லைக் கொல்பவை. “அந்தப் பேரை விட்டுடுங்க சித்தப்பா, சிடி4-க்கு கீழ சிடி8, அவ்வளவுதான்” என்றேன். “அப்போ தலைப்பு ஒண்ணு, கணக்கு ஒண்ணு. எங்க ஆபீஸ்ல இதுக்கு மெமோ கொடுப்போம்” என்றார்.

ஆனால் அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு, சொன்னால் இன்னொரு மணி நேரம் போகும். சிடி8 பக்கத்திலும் அடக்கும் செல்கள் இருக்கின்றன என்று மறுபடி கட்டுரைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. சுண்டெலியில் இதைத் தொடர்ந்தவர் ஹார்வி கேன்டர், எழுபதுகளில் கெர்ஷனோடு சேர்ந்து வேலை பார்த்த அதே கேன்டர். மனிதரில் கேஐஆர் என்ற ஏற்பியைச் சுமக்கும் சிடி8 செல்கள், உடலைத் தாக்கும் டி செல்களைக் கொன்று அடக்குகின்றன என்று 2022-இல் காட்டியது மார்க் டேவிஸின் ஆய்வுக்கூடம். 1984-இல் டி செல் ஏற்பி மரபணுவைக் கண்ட அதே டேவிஸ். பழைய பெயர் முழுக்கப் பொய் என்றும் இனி சொல்ல முடியாது போலிருக்கிறது. இந்தச் செல்கள் சிடி8 கூட்டத்தில் மிகச் சிறு பங்கு என்பதால் விகிதத்தின் தலைப்பை அது காப்பாற்றிவிடாது, அது வேறு விஷயம்.

எனக்கு இன்னும் உறுத்துவது அந்த சீரம்தான். 3ஆர் எலி 5ஆர் எலிக்கு எதிராகத் தயாரித்தது. கலப்படமான, வலுவில்லாத சீரம் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். இருக்கலாம், ஆனால் பசிபிக்கின் இரு கரைகளிலும் தனித்தனியாகச் செய்தவர்களுக்கு ஒரே விதமாக வேலை செய்திருக்கிறது. 1986-இல் பேட்ரிக் ஃபிளட், மர்ஃபி ஆகியோர், பிற்காலத்தில் டிரெக் ஆய்விலும் பெயர் பெற்ற கிறிஸ்டோஃப் பெனுவா, டயான் மாதிஸ் இருவரோடு சேர்ந்து, ஓர் ஐ-இ மரபணுவைக் கூடுதலாகச் செலுத்திய எலிகளில் ஐ-ஜே அடையாளமே மாறிவிடுவதைக் காட்டினார்கள். அதாவது அந்த வட்டாரத்தின் மரபணு ஐ-ஜேவை எழுதவில்லை, ஆனால் அதன் வடிவத்தை எங்கிருந்தோ மாற்றுகிறது. ஒருவேளை அந்த வட்டாரத்தின் புரதங்களைப் பார்த்துப் பார்த்தே வளரும் டி செல்களின் ஏற்பிகள் சிலவற்றைத்தான் அந்த சீரம் பிடித்ததோ என்னவோ; நான் சாய்வது அந்தப் பக்கம். அதன் பிறகு துறை நகர்ந்துவிட்டது, ஐ-ஜே புதிர் தீர்க்கப்படாமலேயே நின்றுபோனது. இன்றைய கருவிகளை வைத்து, ஒரு சீரம் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது ஓர் ஆராய்ச்சி மாணவர் செய்யக்கூடிய வேலைதான். எலி இனங்களின் பெயர் தெரியும், செய்முறை 1976 கட்டுரைகளில் இருக்கிறது. ஐ-ஜே என்ற பெயரைப் போட்டு நிதிக்கு விண்ணப்பம் எழுத அந்த மாணவரின் வழிகாட்டி சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.